யோபு முறையிடவே இல்லையா?

‘எல்லாவற்றையும் இழந்தும் யோபு கடவுளிடம் ஒரு சொல்கூட முறையிடவில்லை’ என்று வாட்ஸ்அப்பில் பரவிவரும் செய்தி, விவிலியத்தின் பழைய ஏற்பாட்டில் அவர் கதையைச் சொல்லும், 42 அதிகாரங்கள் கொண்ட யோபு நூலின் முதல் இரண்டு அதிகாரங்களுக்கு மட்டுமே பொருந்தும். 3ஆம் அதிகாரத்திலேயே தாம் பிறந்த நாளைச் சபிக்கும் அவர், 9ஆம் அதிகாரத்தில், குற்றமற்றவனையும் பொல்லாதவனையும் கடவுள் ஒன்றுபோல் அழிக்கிறார் என்று குற்றஞ்சாட்டி, 13ஆம் அதிகாரத்தில் அவரோடு நேரில் வழக்காடவும் விரும்புகிறார். (வாயடைத்துப் போனவரின் பேச்சா இது?) யோபின் நண்பர்களில், துன்பம் பாவத்தின் விளைவே என்று கடவுளுக்காக வாதாடிய எலிப்பாசும் மற்ற இருவருமே முடிவில் கண்டிக்கப்படுகிறார்கள், யோபு பேசியதே சரியென்று கூறும் கடவுள், அவர்கள் ஏழு காளைகளையும் ஏழு ஆட்டுக்கடாக்களையும் பலியிடவும், யோபு அவர்களுக்காக வேண்டிக்கொள்ளவும் பணிக்கிறார். தாம் துன்புற்ற காரணம் மட்டும் யோபுக்குக் கடைசிவரை சொல்லப்படவில்லை.