நாலு கோடும் நிக்குது, நெட்டு மட்டும் நகரலை

"போனை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்." சிக்னல் கோடு முழுசா நிக்குது, நெட்டு மட்டும் ஓடலைன்னு கிராமத்துல இருந்து கஸ்டமர் கேருக்குக் கூப்பிட்டா முதல் பதில் இது. அடுத்தது, "சிம்மைக் கழட்டி மாட்டுங்க." மூணாவது பதில் வர்றதுக்குள்ள லைனே கட். பேசுறதும் அதே டவர்லதானே!

போன்ல தெரியுற அந்தக் கோடு, டவர் எவ்வளவு பலமா கேக்குதுன்னு மட்டும்தான் சொல்லும். அந்த டவர்ல எத்தனை பேர் தொங்கிட்டிருக்காங்க, டவருக்கே வர்ற லைன் எவ்வளவு பெருசுங்கிறதெல்லாம் அதுக்குத் தெரியாது. ஊர்ப்பக்கம் நிறைய டவருக்கு இன்னும் ஃபைபர் போகலை, அடுத்த டவர்ல இருந்து காத்து வழியா வாங்குற மைக்ரோவேவ் டிஷ்லதான் ஓடுது. சாயங்காலம் 7 மணிக்கு மேல ஊரே வீடியோ பார்க்க உட்கார்ந்தா எப்படித் தாங்கும்? விடியக்காலை 5 மணிக்கு அதே திண்ணையில ஸ்பீட் டெஸ்ட் போட்டுப் பாருங்க, பறக்கும். அப்படின்னா கோளாறு சிக்னல்ல இல்ல, நெரிசல்ல. இதுக்குப் போய் போனை ஆஃப் பண்ணி என்ன ஆகப் போகுது?

கரண்ட் போனா சிக்னலும் கூடவே போற ஊருங்க தனி. டவர்ல பேட்டரி இருக்கும், பேருக்கு. அது செத்து எத்தனை நாளாச்சுன்னு யாரு பார்க்கிறா?

இந்த எரிச்சல்ல ஜனங்க போய் வாங்குறது பூஸ்டர், வெளியில சிக்னலைப் பிடிச்சு வீட்டுக்குள்ள பெருக்கிக் கொடுக்கிற பெட்டி. ஆன்லைன்ல ரெண்டாயிரம் மூவாயிரத்துக்குக் கூவிக் கூவி விக்கிறான். அனுமதி இல்லாம அதை மாட்டுறது நம்ம நாட்டுல சட்டவிரோதம், அதை மட்டும் எவனும் சொல்றதில்ல. வெளி ஆன்டெனாவும் உள் ஆன்டெனாவும் பக்கத்துல பக்கத்துல இருந்தா, மைக்கை ஸ்பீக்கர்கிட்ட கொண்டு போன மாதிரி ஊளையிடும். அந்த இரைச்சல் அப்படியே டவருக்குப் போகும். உங்க வீட்ல ரெண்டு கோடு ஏறும், தெருவுக்கே நெட்டு படுத்துக்கும்.

காசு போடுறதுக்கு முன்னாடி அளந்து தொலைங்க! ஆண்ட்ராய்டு போன்ல செட்டிங்ஸ், அபவுட் போன், சிம் ஸ்டேட்டஸ்னு போனா மைனஸ்ல ஒரு நம்பர் வரும். அதுதான் சிக்னல் பலம். 4ஜில மைனஸ் 90க்கு மேல (மைனஸ் 80 மாதிரி) இருந்தா நல்லது, மைனஸ் 110க்குக் கீழ (மைனஸ் 115 மாதிரி) போனா திண்டாட்டம்தான். அதைவிட முக்கியம் எஸ்ஐஎன்ஆர், அதாவது இரைச்சலைவிட சிக்னல் எவ்வளவு தூக்கலா இருக்குங்கிற கணக்கு. அதுக்கு இலவச ஆப் இருக்கு. 10க்கு மேல இருந்தா சரி. பூஜ்யத்துக்குப் பக்கத்துல இருந்தா கோடு முழுசா நின்னாலும் வேலைக்காகாது. வீட்டுக்குள்ள ஒரு தடவை, மொட்டை மாடியில ஒரு தடவை பாருங்க. மாடியில அந்த மைனஸ் நம்பர் 15 டெசிபல் (சிக்னலை அளக்கிற அலகு) கூடுதுன்னா சிம் ரவுட்டரோட ஆன்டெனாவை மேல ஏத்துறதுல அர்த்தம் இருக்கு.

ஏத்துறதுலயும் ஏமாத்து வேலை. சிக்னலை 9 டெசிபல் ஏத்துற ஆன்டெனாவை வித்துட்டு, கூடவே மெல்லிசா 10 மீட்டர் ஆர்ஜி 58 கேபிளைக் கொடுப்பான். 1800 மெகாஹெர்ட்ஸ்ல அந்தக் கேபிளே 7 டெசிபல் கிட்ட முழுங்கிடும். மிச்சம் எவ்வளவு? ரெண்டு! அதுக்குப் பேசாம சிம் போடுற அவுட்டோர் ரவுட்டரையே பைப்ல கட்டி, கீழ பிஓஇ (கரண்டும் நெட்டும் ஒரே கேபிள்ல போற முறை) வழியா நெட்வொர்க் கேபிள் மட்டும் இறக்குங்க. அந்தக் கேபிள்லயும் கள்ளம் உண்டு. செம்பு வயர்னு சொல்லி அலுமினியத்துக்கு மேல செம்பு பூசினதைத் தலையில கட்டுவான். நுனியை பிளேடால சுரண்டுங்க, உள்ள வெள்ளையா தெரிஞ்சா திருப்பிக் கொடுத்துடுங்க. அந்தப் போலிக் கேபிளை 30 மீட்டர் இழுத்தா வோல்டேஜ் இறங்கி, ரவுட்டர் தானா ரீஸ்டார்ட் ஆகிட்டே இருக்கும். பழி கம்பெனி மேல விழும். கேபிள் வீட்டுக்குள்ள நுழையுற இடத்துல ஒரு தொங்கல் விடுங்க, இல்லேன்னா மழைத்தண்ணி கேபிளைப் பிடிச்சுக்கிட்டே அடாப்டர் வரைக்கும் வரும். பைப்புக்கு எர்த் போட மறந்துடாதீங்க.

டவுன்ல இருந்து 5 கிலோமீட்டருக்கு ரெண்டு டிஷ் வெச்சு 5.8 கிகாஹெர்ட்ஸ்ல லைன் இழுக்கிறவங்களுக்கும் ஒண்ணு. அந்த பேண்டுக்கு 2018லயே லைசென்ஸ் தேவையில்லைன்னு ஆயிடுச்சு, சந்தோஷம். ஆனா "எதிர் டிஷ் கண்ணுக்குத் தெரியுது, போதும்"னு கட்டிட்டுப் போயிடுறீங்களே! நடுவழியில அந்த அலைக்கு நேர்கோட்டைச் சுத்தி 8 மீட்டர் ஆரத்துக்கு இடம் வேணும். குறைஞ்சது அதுல அறுபது சதவீதம், அதாவது 5 மீட்டர், காலியா இருக்கணும். குறுக்க தென்னந்தோப்பு இருந்தா? வெயில்ல ஓடும். மழையில மட்டை நனைஞ்சா படுத்துடும். ரெண்டு வருஷத்துல மரம் வளர்ந்தா ஒரேயடியா போயிடும். தோப்புக்காரர் மேல கோபப்பட்டு என்ன பண்றது, டிஷ் நிக்கிற கம்பத்தை உசத்திக் கட்டியிருக்கணும்.

இதெல்லாம் நாமளே கையில காசு போட்டுப் பண்றது. பஞ்சாயத்துக்கெல்லாம் ஃபைபர்னு 2011ல ஆரம்பிச்ச திட்டம் இன்னும் ஓடிட்டிருக்கு. பெட்டிக்கடையிலகூட லைசென்ஸ் கட்டணம் இல்லாம வைஃபை விக்கலாம்னு 2020 டிசம்பர்ல பிஎம் வாணிங்கிற பொது வைஃபை திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தாங்க. விக்கலாம், கடை வரைக்கும் நல்ல லைன் வந்தா!

கம்பெனியோட புகார் லைன் 198க்குப் போடுறப்ப "சிக்னல் இல்லை"ன்னு மட்டும் சொல்லாதீங்க. தேதி, நேரம், அந்த மைனஸ் நம்பர், காலை ஸ்பீடு, ராத்திரி ஸ்பீடு, எல்லாம் சொல்லி, புகார் நம்பர் வாங்காம போனை வைக்காதீங்க. பதில் சரியில்லைன்னா 30 நாளுக்குள்ள அதே கம்பெனியோட மேல்முறையீட்டுக்குப் போகலாம், காசு கிடையாது. தெருவுல ஒருத்தர் போட்டா மூடிட்டுப் போயிடுவாங்க. இருபது வீடும் தனித்தனியா நம்பர் வாங்கி வைங்க, அப்புறம் யாரு எதை ஆஃப் பண்ணி ஆன் பண்றாங்கன்னு பார்ப்போம்.