மெட்டை விட்டாலும் கட்டு உண்டு
'மெட்டை விட்டதும் ஜாஸ் கலைஞர் மனம்போன போக்கில் வாசிக்கிறார், அடியில் கட்டுப்பாடே இல்லை' என்று சொல்லப்படுவது, 1960-ஐ ஒட்டி எழுந்த ஃப்ரீ ஜாஸுக்கு (வகுத்த கட்டமைப்பைத் துறந்த ஜாஸ் பாணி) ஓரளவு பொருந்தலாமே தவிர, அதற்கு முந்தைய மரபுக்குப் பொருந்தாது.

1939-இல் ஜாஸ் கலைஞர் கோல்மன் ஹாக்கின்ஸ் சாக்ஸபோனில் பதிவுசெய்த 'பாடி அண்ட் சோல்' பாடலைக் கேளுங்கள். தொடக்கத்தில் சிறிது தூரமே மெட்டை ஒட்டிச் செல்லும் அவர், பிறகு அதை ஏறக்குறைய முற்றிலும் கைவிட்டாலும், 32 பார் (தாள அளவு) கொண்ட அந்தப் பாடலின் கார்ட் வரிசையை (கார்ட் என்பது சேர்ந்து ஒலிக்கும் சில ஸ்வரங்களின் தொகுப்பு) இரண்டு சுற்றுகளிலும் நழுவவிடுவதில்லை. ஒவ்வொரு கார்டின் ஸ்வரங்களையும் ஏறியும் இறங்கியும் தொட்டு, அடுத்த கார்டு வரும் தருணத்தில் அதற்குரிய ஸ்வரத்தில் வந்து இறங்குகிறார். நடுப்பகுதியில் பாடலின் சுருதி அரை ஸ்வரம் மேலேறும்போது (என் காதுக்கு மிக இனிய இடம் அதுதான்) அவரும் உடன் ஏறுகிறார். துறந்தது மெட்டைத்தான், கார்ட் வரிசையை அல்ல.