பூனையைச் சாக்கில் கட்டும் முன்

நம் கரையோர ஊர்களில் இருக்கும் ஒரு வழக்கத்தைப் பற்றிப் பேசியே ஆகவேண்டும். பிள்ளைகள் அடம்பிடித்தார்கள் என்று ஒரு பூனைக்குட்டியைத் தூக்கி வருகிறார்கள். ஏழெட்டு மாதத்தில் வீடு நாறுகிறது, பாயில் மூத்திரம் போகிறது, ராத்திரி தூங்கவிடவில்லை என்று சொல்லிச் சாக்கில் போட்டுக் கட்டி, மீன் இறங்குதளத்தில் அவிழ்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். கேட்டால், "அங்க மீனுக்கா பஞ்சம்? பொழச்சுக்கும்" என்பார்கள்.

பஞ்சம்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. ராமேஸ்வரத்திலும் மண்டபத்திலும் படகெல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும். புயல் கூண்டு ஏற்றினாலும், வேலைநிறுத்தம் என்றாலும் அதே கதை. அங்கே ஏற்கெனவே பசியோடு அலையும் கடுவன் பூனைகளுக்கும் நாய்களுக்கும் நடுவில், வீட்டுச் சோறு தின்று வளர்ந்த பூனை என்ன செய்யும்? பட்டினி கிடக்கும் என்று தெரிந்தே ஒரு பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். அந்தப் பூனை செய்த தப்பு என்ன என்று விசாரித்தால், பெரும்பாலும் நாம் சரிசெய்திருக்கக்கூடிய விஷயமாகத்தான் இருக்கும். முதன்முதலாகப் பூனை வளர்க்கிறவர்களுக்காக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் நாற்றம். வீட்டுப் பூனையின் மூதாதை வறண்ட நிலத்துக் காட்டுப்பூனை. குறைந்த தண்ணீரில் பிழைக்கும் உடம்பு என்பதால் மூத்திரம் கெட்டியாக வரும். போனவுடன் அவ்வளவு வீச்சம் இருக்காது. கிடக்கக் கிடக்க, அதிலுள்ள யூரியாவைப் பாக்டீரியாக்கள் அமோனியாவாக மாற்றும்போதுதான் மூக்கைப் பிடிக்கவேண்டி வருகிறது. ஆகவே பூனை ஒன்றுக்கும் இரண்டுக்கும் போகும் மணல் தட்டைக் காலையும் மாலையும் அள்ளிச் சுத்தம் செய்கிற வீட்டில் பூனை இருப்பதே விருந்தாளிக்குத் தெரியாது. மூன்று நாளைக்கு ஒருமுறை அள்ளுகிற வீட்டில் எந்த ஊதுபத்தியும் உதவாது.

கீழக்கரையிலிருந்து ஒரு தங்கச்சி உள்பெட்டியில் கேட்டிருந்தார்: "அக்கா, வாசல்லயே கடற்கரை மணல் கெடக்கு, அதையே தட்டுல போடலாமா? கடையில விக்கிறது கட்டுப்படி ஆகலைக்கா." போடலாம்மா. பூனைக்கு மணல் என்றால் உயிர். ஆனால் கடையில் விற்கும் களிமண் குருணை மூத்திரத்தை உறிஞ்சிக் கட்டியாகும், கட்டியை மட்டும் அள்ளிவிடலாம். மணல் கட்டியாகாது. மூத்திரம் அடியில் இறங்கித் தேங்கும். போதாததற்கு, கடல் மணலில் உள்ள உப்பு காற்றின் ஈரத்தையும் இழுக்கும். அதனால் மணலைச் சலித்து, நல்ல வெயிலில் காயவைத்துப் போடுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மொத்தமாகக் கொட்டிவிட்டு, தட்டைச் சோப்புப் போட்டுக் கழுவிக் காயவையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மணல் காயாது. அப்போது தோட்டத்துக்கு விற்கும் தென்னைநார்க் கழிவுக் கட்டியை, உரம் கலக்காததாகப் பார்த்து வாங்கி, உதிர்த்து உலர்த்திப் போடலாம். ஈரத்தை நன்றாக உறிஞ்சும். படகு கட்டும் இடத்து மரத்தூள் வேண்டாம், பெயின்ட்டும் பசையும் கலந்திருக்கும். அடுப்புச் சாம்பலும் வேண்டாம், ஈரம் பட்டால் பாதத்தை அரிக்கும்.

தட்டு எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். சோற்றுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தால் போகாது. தண்ணீர் மோட்டார் திடீரென்று உறுமும் இடத்தில் வைத்தாலும் போகாது, பயந்து உங்கள் பாய்க்கு வந்துவிடும். எத்தனை பூனையோ அதைவிட ஒரு தட்டு கூடுதலாக வையுங்கள்.

கடுவன் குட்டி வளர்ந்ததும் சுவரோரம் நின்று, வாலை நடுக்கிப் பீய்ச்சி அடிக்கும். அது எல்லை குறிக்கும் வேலை. அந்த வாடைதான் மகா கொடுமை. அடித்துத் திருத்த முடியாது. ஐந்தாறு மாத வயதில் கருத்தடை ஆபரேஷன் செய்துவிட்டால் பெரும்பாலும் நின்றுவிடும், வாடையும் குறையும். பெட்டைக்கும் செய்யுங்கள், வருடத்துக்கு இரண்டு மூன்று ஈத்து போடுவதைத் தடுக்கலாம். எல்லா மாட்டாஸ்பத்திரியிலும் பூனைக்குச் செய்வதில்லை, முன்கூட்டியே விசாரித்துப் போங்கள்.

பாயிலோ மெத்தையிலோ போய்விட்டதா? உடனே பழந்துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். பிறகு என்சைம் கலந்த துணிப்பவுடரை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து நனைத்து, கொஞ்ச நேரம் ஊறவிட்டு அலசிக் காயவைத்து, மேலே ஆப்பசோடா தூவிப் பின்னர் தட்டிவிடுங்கள். மேலோட்டமாகத் துடைத்தால் யூரிக் அமில உப்பு உள்ளேயே தங்கிவிடும். நம் ஊர் ஈரக்காற்று பட்டதும் வாடை மறுபடி கிளம்பும், பூனையும் அதே இடத்துக்கு வரும்.

பினாயில் ஊற்றுகிறவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், ஊற்றாதீர்கள். தண்ணீரில் கலந்தால் பால்போல் வெளுக்கும் கிருமிநாசினியும் அப்படித்தான். பினால் வகை ரசாயனங்களை உடைத்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. ஈரத் தரையில் நடந்து, பாதத்தை நக்கினால் அது உள்ளே போகும். வாடைக்குப் பாச்சா உருண்டை போடுவதும் விஷம். பிளீச்சிங் பவுடரை மூத்திரத்தின் மேல் கொட்டினால் கிளம்பும் வாயு உங்கள் நெஞ்சுக்கே ஆகாது. காய்ச்சல் என்று பாராசிட்டமால் மாத்திரையில் பாதியைப் பூனைக்குக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பாதியே அதைக் கொன்றுவிடும்.

இதை மறக்காதீர்கள்: கடுவன் அடிக்கடி தட்டுக்குப் போய்க் குந்தி, முக்கி, கத்தி, சொட்டுக்கூட வராமல் திரும்பினால் அது சேட்டை இல்லை, மலச்சிக்கலும் இல்லை. மூத்திரக்குழாய் அடைத்திருக்கிறது. அன்றைக்கே மருத்துவரிடம் போகவேண்டும். ஓரிரு நாள் விட்டால் உயிர் போய்விடும்.

சாப்பாட்டில் ஒன்று மட்டும். சாளை, நெத்திலி போன்ற சில மீன்களைப் பச்சையாகவே தினமும் போட்டால் பி1 வைட்டமின் குறைந்து நரம்புத்தளர்ச்சி வரும். உப்பில்லாமல் அவித்து, முள் எடுத்துப் போடுங்கள். கருவாடு வேண்டாம்.

ராத்திரித் தொல்லைக்கு மருந்து விளையாட்டுதான். பூனைக்கு விடியலும் அந்தியும் வேட்டை நேரம். பகலெல்லாம் சும்மா கிடந்த பூனை நள்ளிரவில் உங்கள் காலைத்தான் வேட்டையாடும். படுக்கப் போகும் முன் பத்துப் பதினைந்து நிமிஷம், குச்சி நுனியில் துணிக்கிழிசலைக் கட்டித் தரையோடு இழுத்து, மறைத்து, ஓடவிடுங்கள். கடைசியில் பிடிக்கவிட்டு, உடனே சோறு வையுங்கள். பிடித்தது, தின்றது, நக்கித் துடைத்தது, தூங்கியது என்று அதன் வேட்டை முழுசாக முடியும். பனை ஓலைக் கிலுகிலுப்பையை உருட்டிவிட்டால் எங்கள் வீட்டில் மூன்று பூனைகளும் பாய்ந்து வரும். நாற்காலியைப் பிறாண்டினால், பழைய மரத்தூணில் தேங்காய்நார்க் கயிறை இறுக்கிச் சுற்றிக் கொடுங்கள். வெறுங்கையை ஆட்டி விளையாட்டுக் காட்டாதீர்கள், கடித்துப் பழகும். மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போடுங்கள். கடியோ கீறலோ பட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வலை வேலை நடக்கும் வீடுகளில் இன்னும் கவனம் தேவை. தங்கூசி என்கிற நைலான் நரம்பும் தூண்டில் முள்ளும் தரையில் கிடக்கக்கூடாது. மீன் வாடைக்கு நக்கி விழுங்கிவிடும், நரம்பு குடலைச் சுருக்கி அறுக்கும். வாயிலோ ஆசனவாயிலோ நுனி தொங்கினால் இழுக்காமல் மருத்துவரிடம் தூக்கிப் போங்கள்.

மருமகள் உண்டானால் பூனையைத் துரத்தும் வீடுகள் நிறைய. வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று பயப்படும் அந்த டாக்ஸோபிளாஸ்மா கிருமி, பூனையின் மலத்தில் வந்தாலும், தொற்றும் நிலைக்கு மாற ஒரு நாளாவது ஆகும். வீட்டில் வேறொருவர் தினமும் தட்டை அள்ளட்டும், பூனைக்குப் பச்சை இறைச்சி போடவேண்டாம். சரியாக வேகாத கறியிலிருந்தும் கழுவாத காய்கறியிலிருந்தும் அதே கிருமி வரும், அதையும் பாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் வைத்துக்கொள்ள முடியவில்லையென்றால் தெருவில், சொந்தபந்தத்தில் சொல்லி ஒரு வீடு தேடுங்கள். கொடுக்கும்போது அதன் தட்டையும், அது படுத்த துணியையும், பழைய மணலில் இரண்டு கையளவும் சேர்த்துக் கொடுங்கள். தன் வாடை இருந்தால் புது வீட்டில் எங்கே போகவேண்டும் என்று அதற்குப் புரியும். முதல் சில நாள் ஒரே அறையில் வைத்திருக்கச் சொல்லுங்கள்.