செலின் டியோன் ஜெயித்தது பிரான்சுக்கு இல்லை

புதுச்சேரி வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது: ஐரோப்பிய நாடுகள் மோதும் யூரோவிஷன் பாட்டுப் போட்டியில், 1988-இல் பாடகி செலின் டியோன் பிரான்சுக்காகப் பாடி, மக்கள் ஓட்டில் அமோகமாக ஜெயித்தாராம். இல்லைங்க. அவர் கனடாக்காரர், பாடியது சுவிட்சர்லாந்துக்கு. பாடகர் அந்த நாட்டுக்காரராக இருக்க வேண்டும் என்று போட்டியில் விதியே கிடையாது. பிரெஞ்சில் பாடினால் பிரான்ஸா? நம்ம ஊர் லிசே (பிரெஞ்சுப் பள்ளி) பசங்க தெருவில் சண்டை போடுவது என்னவோ தமிழில்தான்.

அப்புறம் அந்த அமோகம். அன்று மக்கள் ஓட்டே இல்லை, நடுவர் குழுக்கள் மட்டும்தான். போட்டி நடந்த டப்ளினில் கடைசி நாடான யூகோஸ்லாவியா மதிப்பெண் சொல்லும்வரை பிரிட்டன் 5 புள்ளி முன்னால். யூகோஸ்லாவியா சுவிட்சர்லாந்துக்கு 6 கொடுத்து, பிரிட்டனுக்கு ஒன்றுமே கொடுக்காமல் விட, 137-136. ஒரே புள்ளி! பிரான்ஸ் கடைசியாக ஜெயித்தது 1977-இல், மரி மிரியம் பாடி.