என் காருக்கு எஞ்சின் இல்லையாம்

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். யாராவது ஒருத்தர் பிடித்துப் பார்த்திருந்தால் நான் இன்றைக்கு உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

மாடு இல்லை, கார். 2013 நிசான் லீஃப், மின்சார கார். ஃப்ரீமான்ட் வீட்டிலிருந்து சன்னிவேல் ஆபீசுக்கும் திரும்பவும் பதினோரு வருடம் என்னைச் சுமந்த வண்டி. பெட்ரோல் இல்லை, ஆயில் மாற்றிய செலவில்லை, கலிஃபோர்னியாவில் எல்லாரும் முனகிக்கொண்டே போய் நிற்கிற ஸ்மாக் என்கிற புகைப் பரிசோதனையும் இல்லை. புதிதில் ஒரு சார்ஜுக்கு 75 மைல் என்பது அரசாங்கக் கணக்கு. அதன் பேட்டரியைக் குளிர வைக்கத் தனி ஏற்பாடு எதுவும் கிடையாது, வெறும் காற்றுதான். வயதாக ஆகச் சத்து குறையும் என்று தெரிந்தேதான் வாங்கினோம். டாஷ்போர்டில் 12 கோடாக இருந்தது 7 கோடாயிற்று. 40 மைல் சொச்சம் ஓடும். குளிர்காலத்தில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு ஹைவேயில் போனால் வீடு வந்து சேருகிற வரை உயிர் கையில் இருக்காது. எனக்குத்தான் போதவில்லையே தவிர, நாலு மைல் தூரத்தில் வேலைக்குப் போகிறவருக்கு அது ராஜ வாகனம்.

சரி, விற்று என்ன பெரிதாகக் கிடைத்துவிடப் போகிறது, நல்ல காரியத்துக்குக் கொடுப்போம் என்று நினைத்தேன். அந்த நினைப்புக்குத்தான் இத்தனை தண்டனை.

குழந்தைகளுக்கு உதவுகிற ஒரு தொண்டு அமைப்பு. 'உங்கள் பழைய காரைக் கொடுங்கள், நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம், வரிச்சலுகையும் உண்டு' என்று விளம்பரம். போன் செய்தேன். எடுத்தவர் தன் எதிரில் இருந்த பாரத்தின் கேள்விகளை வரிசையாகப் படிக்க ஆரம்பித்தார்.

"எஞ்சின் ஸ்டார்ட் ஆகுமா?"

"இது மின்சார கார். எஞ்சின் கிடையாது."

"எஞ்சின் இல்லையா?" கீபோர்டு தட்டுகிற சத்தம். "கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் இருக்கிறதா, யாராவது திருடிவிட்டார்களா?"

"அம்மா, அது புகையைச் சுத்தம் செய்கிற சாமான். இதில் புகைபோக்கியே கிடையாது."

"அதுவும் இல்லை." திரும்பவும் தட்டுகிற சத்தம்.

நான் பேட்டரியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். கார் வாங்குகிறவனுக்குத் தெரிய வேண்டிய ஒரே விஷயம் அதுதானே? லீஃப் ஸ்பை என்கிற ஆப்பில் பார்த்தால் பேட்டரியின் ஆரோக்கியம் எவ்வளவு என்று எண்ணாகவே சொல்லிவிடும். 58 சதவீதம். அதை எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். அப்படி ஒரு கட்டம் அவருடைய பாரத்தில் இல்லை. இந்த மாநிலத்தில் எந்தத் தெருவில் நின்று கல்லெறிந்தாலும் மின்சார கார் மேல்தான் விழும். பாரம் மட்டும் இன்னும் கார்பரேட்டர் காலத்தில் இருக்கிறது.

வண்டியை எடுக்க மூன்று வாரம் கழித்து வந்தார்கள். அதற்குள் இன்ஷூரன்சை நிறுத்திவிட்டேன், வண்டி நகரவில்லை. லீஃபுக்குள்ளும் எல்லாக் காரிலும் இருக்கிற மாதிரி ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரி உண்டு. பெரிய பேட்டரியில் முக்கால்வாசி சார்ஜ் இருந்தாலும், சின்னவன் செத்துவிட்டால் கார் கண்ணைத் திறக்காது, 'பார்க்' கியரில் பூட்டிய சக்கரமும் விடாது. ஜம்ப்பர் கேபிள் எடுத்து வருகிறேன், ஐந்து நிமிஷம் பொறுங்கள் என்றேன். டிரக்காரருக்கு அன்றைக்கு இன்னும் நாலு வண்டி எடுக்க வேண்டுமாம். கொக்கியை மாட்டி, வின்ச்சை ஓடவிட்டு, பூட்டிய முன்சக்கரம் கதறக் கதற டிரக் மேல் இழுத்துக்கொண்டார். பேட்டரி விவரத்தை அச்செடுத்து, சின்ன பேட்டரிக்குத்தான் உயிர் இல்லை என்று பெரிய எழுத்தில் எழுதி, பக்கத்து சீட்டில் வைத்திருந்தேன். சார்ஜ் பண்ணுகிற கேபிளைச் சுருட்டிப் பையில் போட்டு டிக்கியில் வைத்திருந்தேன். பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற மாதிரிதான் செய்தேன்.

ஏலத்தில் அது வந்த அழகை நானே தேடிப்பிடித்துப் பார்த்தேன். ஸ்டார்ட் ஆகவில்லை. எஞ்சின் இல்லை. சார்ஜர் இல்லை. ஒரு போட்டோவில் பக்கத்து சீட்டில் என் காகிதம் தெரிகிறது, தலைகீழாக. போட்டோ எடுத்த மகராசன் அதைத் திருப்பிப் படிக்கவில்லை.

575 டாலர்.

58 சதவீதம் என்றால், 24 கிலோவாட் மணி பேட்டரியில் மிச்சம் கிட்டத்தட்ட 14. டெஸ்லாவின் பவர்வால் என்கிற வீட்டு பேட்டரி ஒன்று கொள்வது 13.5. அதைச் சுவரில் மாட்டி முடிக்கப் பத்தாயிரம் டாலருக்கு மேல் ஆகிறது. கார் பேட்டரியைக் கழற்றி அப்படியே சுவரில் மாட்ட முடியாது என்பது எனக்கும் தெரியும், யாரும் விளக்க வர வேண்டாம். ஆனால் இதே கலிஃபோர்னியாவில், லான்காஸ்டரில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட பழைய கார் பேட்டரிகளை அடுக்கி வைத்து, பகலில் சூரிய மின்சாரத்தை ஏற்றி இரவில் விற்கிறார்கள். அவற்றில் லீஃப் பேட்டரிகளும் உண்டு. அவ்வளவு சத்துள்ள பண்டம் செத்த மாட்டு விலைக்குப் போயிற்று.

அந்த 575-லும் குழந்தைகளுக்கு எவ்வளவு போயிற்றோ. கார் அந்தத் தொண்டு அமைப்பின் வாசலையே மிதிப்பதில்லை. நடுவில் ஒரு கம்பெனி எடுத்து, இழுத்து, விற்று, தன் பங்கைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுக்கும். இப்படி நன்கொடை திரட்டித் தருகிற கம்பெனிகள் மாநில அட்டர்னி ஜெனரலிடம் பதிவு செய்து வருடக் கணக்குக் காட்ட வேண்டும், அதை யாரும் பார்க்கலாம். கொடுப்பதற்கு முன்னால் நான் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை.

அப்புறம் அந்த வரிச்சலுகை. முன்பெல்லாம் ஓட்டை வண்டியைக் கொடுத்துவிட்டு மார்க்கெட் விலையைக் கணக்கில் எழுதிக்கொண்டிருந்தார்கள். 2005 முதல், 500 டாலருக்கு மேல் விற்றால், வரி போடுகிற வருமானத்தில் கழிவு விற்ற விலைதான். சும்மா சொல்லக் கூடாது, அது நியாயமான சட்டம்தான். வந்த 1098-சி என்கிற வரிப் பாரத்தில் 575 என்றே இருந்தது. ஆனால் அந்தக் கழிவு, நன்கொடை, வீட்டுக் கடன் வட்டி எல்லாவற்றையும் தனித்தனியாக எழுதிக் காட்டுகிறவர்களுக்குத்தான். நாங்கள் வாடகை வீட்டுக்காரர்கள். கணவன் மனைவி சேர்ந்து காட்டினால் 2024-க்கு, எதையும் எழுதிக் காட்டாமலே கிடைக்கிற பொதுக்கழிவே 29,200 டாலர். எங்கள் கணக்கு அதன் பக்கத்தில்கூடப் போகாது. ஆக, எனக்குக் கிடைத்த சலுகை பூஜ்யம். விளம்பரத்தில் இதை யாரும் சொல்ல மாட்டார்கள்.

அமைப்பு காரை விற்காமல் ஏழைக்கே கொடுத்தால், நன்கொடை கொடுத்தவர் மார்க்கெட் விலையையே காட்டலாம் என்று சட்டத்தில் ஒரு சலுகை இருக்கிறது. யாருக்காவது அப்படிக் கொடுப்பீர்களா என்று போனிலேயே கேட்டேன். "அது எங்கள் நடைமுறை இல்லை."

இது முடிந்து ஒரு மாதம் இருக்கும். பெண்ணுடைய டே கேரில் வேலை செய்கிற அம்மா, என்ன உங்கள் நீலக் காரைக் காணோம் என்று கேட்டார். சொன்னேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. இரண்டு பஸ் மாறி வருகிறவர். வீடு மூன்றரை மைல். தம்பி வீட்டு கராஜில் பிளக் பாயின்ட் இருக்கிறது. "விற்பதாக இருந்தால் கேட்கலாம் என்று நினைத்திருந்தேன்" என்றார்.

வீட்டுக்கு வந்து பார்த்தேன். அன்பளிப்பாக ஒருவர் பெயருக்கு மாற்ற, வாகனப் பதிவு அலுவலகமான டிஎம்வியில் பதினைந்து டாலர் கட்டணம். அன்பளிப்பு என்று எழுதிக்கொடுக்க ஒரு பாரம். ஸ்மாக் சான்றிதழ்கூட வேண்டாம், மின்சார கார் ஆயிற்றே.

"ஏங்க, நான் அப்பவே சொன்னேன், தெரிந்தவங்க யாருக்காவது கொடுக்கலாம்னு. நீங்கதான் டாக்ஸ் டாக்ஸுன்னு குதிச்சீங்க" என்றாள் மனைவி. பதில் சொல்ல எனக்கு என்ன இருக்கிறது?

பூட்டிய சக்கரத்தை இழுத்ததில் வாசல் காங்க்ரீட்டில் இரண்டு கறுப்புக் கோடு விழுந்திருக்கிறது. பிரஷ் போட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டேன், போகவில்லை. நேற்று வீட்டுக்காரர் மெயில் அனுப்பியிருக்கிறார். ஆள் வைத்துச் சுத்தம் செய்ய 150 டாலர், டெபாசிட்டில் கழித்துக்கொள்வாராம்.