காரையும் விட்டோம், ரயிலும் வரவில்லை

சிங்கப்பூர் நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் எழுந்து வரியைப் பற்றிக் கேட்டால் போதும், உடனே கேள்வி அவர் பக்கமே திரும்பிவிடுகிறது. வரியைக் குறைத்தால் பணத்துக்கு எங்கே போவது, எந்தச் சேவையை வெட்டச் சொல்கிறீர்கள் என்று கேட்டவரையே நிற்க வைத்துக் கேட்கிறார்கள். 2022 நவம்பரில் பொருள் சேவை வரி உயர்வைப் பாட்டாளிக் கட்சியும் சிங்கப்பூர் முன்னேற்றக் கட்சியும் எதிர்த்து வாக்களித்தன. பெரும் பணக்காரர்களின் செல்வத்துக்கு வரி போடலாம், நாட்டின் சேமிப்பான இருப்பு நிதி ஈட்டும் முதலீட்டு வருமானத்தில் இன்னும் கொஞ்சம் எடுக்கலாம் என்று பாட்டாளிக் கட்சி மாற்று வழியும் சொன்னது. ஆளும் கட்சி ஏற்கவில்லை. வரி 2023-இல் 8 விழுக்காடு, 2024-இல் 9 விழுக்காடு. சரி, அவர்களுக்குப் பெரும்பான்மை இருந்தது, நிறைவேற்றினார்கள். சேவையை வெட்டக்கூடாது என்று சொல்லித்தானே வாங்கினீர்கள்? அந்தச் சேவை எங்கே என்று கேட்டால் மட்டும் ஏன் இவ்வளவு கோபம் வருகிறது?

எங்கள் வீட்டுக் காருக்குப் பத்து வருடம் முடிந்தது. வண்டி நன்றாகத்தான் ஓடியது. என்ஜினில் ஒரு குறையும் இல்லை. ஆனால் சிஓஇ, அதாவது கார் வைத்திருக்க ஏலத்தில் எடுக்கும் பத்து வருடச் சான்றிதழ், முடிந்துவிட்டது. புதுப்பிக்க வேண்டுமென்றால் கடந்த மூன்று மாத ஏலத்தின் சராசரி விலையைக் கட்ட வேண்டும். பாதி கட்டினால் ஐந்து வருடம்தான், அதன் பிறகு நீட்டிக்கவே முடியாது. 2023 அக்டோபரில் சிறிய கார்களுக்கான ஏ பிரிவு 106,000 வெள்ளியைத் தொட்டது. காருக்கு இல்லை, பத்து வருடம் அதை ஓட்டும் உரிமைக்கு! காரின் கணக்கு தனி. சந்தை மதிப்பு 20,000 வெள்ளி என்றால் இன்னொரு 20,000 கூடுதல் பதிவுக் கட்டணம், 20 விழுக்காடு தீர்வை, அப்புறம் பொருள் சேவை வரி. சாலையில் இறங்கினால் சாலை வரி, இஆர்பி என்ற மின்னியல் சாலைக் கட்டணம். பெட்ரோலுக்கு 2021 பிப்ரவரியில் ஒரே நாளில் லிட்டருக்கு 15 காசு வரை தீர்வையைக் கூட்டினார்கள். தீர்வையோடு சேர்ந்த விலையின் மீதுதான் பொருள் சேவை வரியும். பக்கத்து மலேசியாவின் ஜொகூரில் போய் நிரப்பலாம் என்றால் முக்கால் டாங்க் பெட்ரோல் இல்லாமல் உட்லண்ட்ஸ் எல்லைச் சாவடியைத் தாண்ட விடமாட்டார்கள்.

இது சின்னத் தீவு, எல்லாரும் கார் வாங்கினால் தெருவில் நிற்கக்கூட இடம் இருக்காது. அதை நான் மறுக்கவில்லை. 2018 முதல் கார்களின் வளர்ச்சி விகிதத்தைப் பூஜ்யமாக வைத்ததற்கும் காரணம் இருக்கிறது. ஆனால் விலையைச் சந்தைதான் தீர்மானிக்கிறது என்ற பேச்சை இனிமேலும் என்னால் கேட்க முடியாது. எத்தனை சான்றிதழ் விடுவது என்று முடிவெடுப்பது யார்? வாடகைக்கு விடுவதற்கென்றே கார்களை மொத்தமாக வாங்கும் நிறுவனமும், பள்ளிக்குப் பிள்ளையை விடப்போகும் அப்பாவும் ஒரே பிரிவில் ஏலம் கேட்கலாம் என்று விதி எழுதியது யார்? அந்த நிறுவனங்களுக்குத் தனிப் பிரிவு வேண்டும் என்று எதிர்க்கட்சித் தரப்பிலிருந்து கோரிக்கை வந்தது. கைக்குழந்தை உள்ளவர்களுக்கும் நடமாட முடியாதவர்களுக்கும் ஏதாவது வழி செய்யுங்கள் என்றும் பலர் கேட்டார்கள். யாருடைய தேவை பெரியது என்று முடிவு செய்வது கடினம் என்றார்கள். கடினமாகத்தான் இருக்கும். கடினமானதை முடிவு செய்யத்தானே அரசாங்கம்! அரசாங்கம் கட்டித் தரும் வீவக வீடு யாருக்கு முதலில் என்று முடிவு செய்யத் தெரிகிறது, இதற்கு மட்டும் தெரியவில்லையா?

எங்களால் கட்ட முடியவில்லை. காரைக் கொடுத்துவிட்டோம். எம்ஆர்டி ரயில் இருக்கிறது, பேருந்து இருக்கிறது, சிங்கப்பூரில் காரே தேவையில்லை என்று இத்தனை வருடமாகச் சொன்னதை நம்பித்தான் கொடுத்தோம்.

அம்மாவுக்குச் சக்கர நாற்காலி. மருத்துவமனைச் சந்திப்பு அன்று பாதி வழியில் ரயில் நின்றது. எல்லாரையும் இறங்கி இணைப்புப் பேருந்துக்குப் போகச் சொன்னார்கள். அந்தக் கூட்டத்தில் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எந்தப் பேருந்தில் ஏறுவது? வந்த பேருந்தெல்லாம் கதவு வரை ஆள். டாக்சி செயலியில் விலை ஏறிக்கொண்டே போனது, வண்டி கிடைக்கவில்லை. போய்ச் சேர்ந்தபோது நேரம் தாண்டிவிட்டது என்று வேறு தேதி கொடுத்தார்கள். மாதக்கணக்கில் காத்திருந்து வாங்கிய தேதி அது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "விடும்மா, இன்னொரு நாள் வரலாம்" என்கிறார். எனக்குத்தான் விட முடியவில்லை.

இது எங்கள் ஒரு வீட்டுக் கதை இல்லை. 2024 செப்டம்பர் 25 யாருக்காவது மறந்திருக்குமா? முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஓடிய ரயில் ஒன்றின் சக்கர அச்சைத் தாங்கும் அச்சுப் பெட்டி கழன்று விழுந்து, கிழக்கு மேற்குப் பாதையில் இரண்டரை கிலோமீட்டர் தண்டவாளம் சேதமானது. ஜூரோங் ஈஸ்ட்டுக்கும் புவன விஸ்தாவுக்கும் இடையே ஆறு நாள் ரயில் இல்லை. அந்த வாரம்தான் தொடக்கப்பள்ளி முடிக்கும் பிள்ளைகளுக்குப் பிஎஸ்எல்இ எழுத்துத் தேர்வு. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் விடியற்காலையில் எழுந்து பேருந்துக்கு ஓடினார்கள். அதே ஆண்டு டிசம்பரில் கட்டணம் 6 விழுக்காடு ஏறியது! அடுத்த ஆகஸ்டில் மின்கோளாறு, வடகிழக்குப் பாதையும் செங்காங் பொங்கோல் எல்ஆர்டி இலகு ரயிலும் மாட்டிக்கொண்டன. 2025 டிசம்பரில் மறுபடி 5 விழுக்காடு. மானியம் தருகிறோம், இல்லாவிட்டால் இன்னும் ஏறியிருக்கும் என்கிறார்கள். அந்த மானியம் யார் பணம்? நாங்கள் கட்டிய வரிதானே!

கோப்பிக்கடையில் ஒரு மாமா சொன்னார், எதிர்க்கட்சிக்குப் பேச மட்டும்தான் தெரியுமாம். மாமா, பேசத்தான் அவர்களை அனுப்பினோம். 2025 தேர்தலில் 97 இடத்தில் 10 இடம்தான் அவர்களுக்கு. அவர்களால் சட்டத்தை மாற்ற முடியாது, ரயிலை ஓட்ட முடியாது. கேட்கத்தான் முடியும். அவர்களும் கேட்காவிட்டால் யார் கேட்பது, நீங்களா? ஆளும் கட்சி உறுப்பினர்களும் கேட்கிறார்கள், அதையும் சொல்கிறேன். ஆனால் வாக்கெடுப்பு என்று வந்தால் கட்சி சொன்ன பக்கம்தான் கை தூக்குகிறார்கள்.

கடையில் பணம்போல் செலவழிக்கச் சிடிசி பற்றுச்சீட்டு கொடுக்கிறார்களே என்று இன்னொருவர் ஆரம்பித்தார். வாங்கினேன், அரிசி பருப்பு வாங்கினேன், உதவியாக இருந்தது. அதற்காக ரயிலைப் பற்றி வாயைத் திறக்கக்கூடாதா?

செங்காங்கிலும் அல்ஜுனிட்டிலும் ஹவ்காங்கிலும் நாங்கள் அனுப்பிய உறுப்பினர்களே, அடுத்த வரவுசெலவு விவாதத்தில் வரியைக் குறையுங்கள் என்று மட்டும் கேட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். சிஓஇயில் ஆண்டுதோறும் பில்லியன் கணக்கில் வருகிறது. அதில் எவ்வளவு தண்டவாளத்துக்கும் சமிக்ஞைக்கும் பழைய ரயில்களை மாற்றவும் போகிறது, தனித்தனியாகச் சொல்லுங்கள் என்று கேளுங்கள். எல்லாம் ஒரே நிதியில் சேர்கிறது, பிரித்துச் சொல்ல முடியாது என்பார்கள். அப்போது உட்காராதீர்கள். ரயில் நின்றால் சக்கர நாற்காலியில் இருப்பவரை யார், எந்த வண்டியில், எத்தனை நிமிடத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள் என்று கேளுங்கள். எழுத்தில் பதில் வாங்குங்கள்.