லோசோஸ் கடன் வாங்கிய சொல் அல்ல

சால்மன் மீனுக்கு ரஷ்யரும் செக் மக்களும் சொல்லும் 'லோசோஸ்', ஜெர்மானிய 'லாக்ஸ்' என்பதிலிருந்து கடன் வாங்கியது என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. இதை ஏற்க முடியவில்லை. கடன் என்றால் நடுவில் இருக்கும் 'க்' எங்கே போனது? லத்தீன், சமஸ்கிருதம், ரஷ்யம் போன்றவற்றின் தாய்மொழியான பழைய இந்தோ-ஐரோப்பியத்தின் ஒருவகைக் ககரம், ரஷ்யம், செக் முதலிய ஸ்லாவிய மொழிகளில் ஸகரமாகிவிடும். நூறு என்பதற்கு லத்தீனில் 'கென்டும்', ரஷ்ய மொழியில் 'ஸ்தோ', நமக்குத் தெரிந்த சமஸ்கிருத 'சதம்'. அதே மாற்றம்தான் லோசோஸிலும். லிதுவேனியத்தில் 'லஷிஷா'. இவையெல்லாம் ஒரு தாய் வயிற்றுச் சொற்கள்.

அப்புறம், கட்டுரை தொடாமல் விட்ட பெரிய விஷயம் ஒன்று. சால்மன் பால்டிக் கடலில் விழும் ஆறுகளில் ஏறும், கருங்கடல் ஆறுகளில் ஏறாது. தாய்மொழியில் சால்மனுக்குச் சொல் இருந்தால், அதைப் பேசியவர்கள் அந்த மீனைப் பார்த்திருக்க வேண்டும். அதனால் இந்தோ-ஐரோப்பியரின் தாயகம் பால்டிக் பக்கம்தான் என்று இந்த ஒரே சொல்லை வைத்துப் பலர் வாதிட்டார்கள். ஆனால் 1985-இல் மொழியியலாளர் ரிச்சர்ட் டீபோல்ட், அந்தச் சொல் முதலில் சால்மனின் உறவான டிரவுட் வகை மீனைக் குறித்திருக்க வேண்டும் என்று காட்டினார். அது கருங்கடல், காஸ்பியன் ஆறுகளிலும் உண்டு. காக்கேசிய மலைப்பகுதியின் ஒசேத்திய மொழியில் 'லாசாக்' என்றால் இன்றும் டிரவுட்தான். சீனாவின் மேற்கே வழங்கிய தொகாரியத்தில் 'லக்ஸ்' என்பது வெறும் மீன்.

நம் 'லட்சம்' கூட இந்த மீன் கூட்டத்திலிருந்து வந்தது என்று ஜெர்மன் நாட்டு சமஸ்கிருத அறிஞர் பவுல் தீமே எழுதினார். எனக்கு அது கொஞ்சம் தூரமாகவே படுகிறது. லோசோஸைப் பற்றி மட்டும் சந்தேகமே இல்லை, கட்டுரையாளர் அந்த வரியைத் திருத்த வேண்டும்.